லிபின் தரவேண்டிய மூன்றடி

ஆனைக்கல்லுவிளை,
3 ஜூன் 2024

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் லிபினுக்கு,

ஆனைக்கல்லுவிளைச் சக்கரவர்த்தி ராஜதாஸ் மாமா எழுதிக்கொள்வது. வாட்ஸ்ஆப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு உறங்கிவிடுகிறாய். அதனால் தபால்.

உன் ஞானபாய் மாமி பட்டத்துராணி ஆகிவிட்டாள். டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு முறை நகர்வலம். பல்லக்கு, பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் பக்கத்து வீட்டு மோகனன், பின்னால் எதிர்வீட்டு ஜெயன், குடை பிடிக்க நான். ஆட்டோ நிற்கிற ரோடு வரை இந்த ஒடுங்கிய நடைபாதைதான். சேற்றில் ஜெயனுக்குக் கால் வழுக்கினால், "எலே, என்னை பாறசாலை வரைக்கும் உருட்டி விட்டிராதிய" என்கிறாள்.

பாதையை ரோடாக அகலமாக்க, பாதையோரத்தார் எல்லாரும் மூன்றடி விட்டுக்கொடுத்து பஞ்சாயத்துத் தாளில் ஒப்பு வைத்தாயிற்று. கிருஷ்ணன்குட்டி காய்க்கிற பலாவையே முறித்தார். அவர் சம்சாரம் சரசம்மா இரண்டு நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை. பாக்கி, உன் அம்மா பங்கு மனையில் நீ கட்டின மதில். நிலாவிலிருந்து பார்த்தாலும் தெரியுமாம் அது! நீ சம்மதித்தால் பஞ்சாயத்து ரோடு போடும், ஆட்டோ நம் முற்றத்துக்கு வரும்.

உன் கையெழுத்துக்குத் தவம் கிடக்கும்,
மாமா


ஆக்லாந்து,
11 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். மாமியை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் மதில் போன வருஷம் கட்டியது. மூன்றடி போனால், நாளை நானும் ரெஷ்மாவும் வீடு கட்டும்போது கார் போர்ச்சுக்கு இடம் போதாது என்கிறாள் அவள். அங்கே ஒன்பது வீடுதானே மிச்சம்? எல்லாரும் விட்டுப்போகிற இடத்தில் யாருக்கு ரோடு? டவுனில் வாடகை வீடு பாருங்களேன். லீவுக்கு வரும்போது பேசலாம்.

லிபின்


ஆனைக்கல்லுவிளை,
20 அக்டோபர் 2024

மருமகனே,

ஒன்பது வீட்டுக்கு ரோடு எதற்கு என்கிறாய். ரோடு இல்லாமல்தான் ஒன்பது ஆயிற்று. மேலவீட்டு சஜனைப் பார்க்க வந்த பெண்வீட்டார் மெயின்ரோட்டில் உதியன்குளங்கரையிலேயே காரை விட்டுவிட்டு நடந்து வந்து, காப்பியைத் தொடாமல் திரும்பிப் போனார்கள். மறுமாதமே அவன் குடும்பத்தோடு பாறசாலைக்குக் குடிமாறினான். இப்போது மோகனனும் துபாய்க்குப் போய்விட்டான். நாற்காலியின் முன்பக்கம் நான். சின்ன வயதில் உன்னிடம், ஆனையை ஒற்றைக் கையால் தூக்கினேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நாற்காலி தூக்க முடியவில்லை மக்கா.

வாடகை வீடு என்றதும் மாமி, "அந்தப் பயலுக்க மதிலுக்குப் பயந்தா நான் வீட்ட விட்டு இறங்கணும்? வரமாட்டேன் ஆக்கும்" என்றுவிட்டாள்.

போன வாரம் பெருமழை. டயாலிசிஸுக்குப் போகமுடியவில்லை. முகம் வீங்கிக் கிடக்கிறாள். சக்கரவர்த்தி கெஞ்சினால் பார்க்க நன்றாக இராது. கெஞ்சுகிறேன்.

மாமா


ஆக்லாந்து,
14 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மாமியின் அடக்கத்துக்கு வர டிக்கெட் கிடைக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். ரெஷ்மா ரொம்ப அழுதாள்.

ஒரு நல்ல செய்தி. மூன்றடி தரச் சம்மதம் எழுதி அனுப்பிவிட்டேன். மனையை விற்கிறோம், லாரி வந்தால்தான் எடுப்பேன் என்கிறார் வாங்குகிறவர். வார்டு மெம்பரிடமும் பேசினேன். 'ஞானபாய் மெமோரியல் ரோடு' என்று பெயர் வைக்கலாம். பலகை என் செலவு.

லிபின்


ஆனைக்கல்லுவிளை,
2 மே 2025

திரு. லிபின் அவர்களுக்கு,

ரோடு போட்டாயிற்று. எதிரெதிரே இரண்டு ஆனைகள் அம்பாரியோடு ஒதுங்காமல் போகலாம். போக ஆள்தான் இல்லை, ஜெயனும் குடிமாறிவிட்டான். முதலில் வந்த வண்டி, உங்கள் மனையை வாங்கியவரின் செங்கல் லாரி.

பெயர்ப்பலகையை நட விடவில்லை. அவள் கடைசியாகப் போனபோது உங்கள் மதில் எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. பெட்டிக்குப் பழைய பாதையே தாராளமாக இருந்தது. ஒரு நாளாவது ஆட்டோவில் ஏறிப்போகாத ரோட்டுக்கு அவள் பெயர் வேண்டாம். உங்கள் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று சரசம்மா கேட்டாள்: "உங்க மருமவன் மனைய வித்துட்டானாமே, இனி இங்கோட்டு வருவானா?"

"எந்த மருமவன்?" என்றேன்.

இப்படிக்கு,
ராஜதாஸ்