நீ போய்யா, நான் பார்த்துக்கறேன்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், சாக்கடையும் சேர்ந்து. பஸ் இல்லை. ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது புடவைக் கரை பூராவும் சேறு.

பெரிய வேலை வந்திருக்கிறது. முழுப் புத்தகம். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் கட்சி நோட்டீசுமே அடித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் முதல் புத்தகம். எழுதியவர் இளங்கோவன் சார், கல்லூரி ஆசிரியர். சினிமா ரசிகர் மன்றங்களைப் பற்றி. கையெழுத்து அழகு; ஆனால் ‘ர’வும் ‘ற’வும் ஒரே மாதிரி.

“ரசிகன்னா விசிலடிக்கிறவன்னு மட்டும் நினைக்கிறாங்கம்மா. அவன் நோட்டீஸ் எழுதறான், பேனர் யோசிக்கிறான், படத்துக்கே வேற அர்த்தம் கொடுக்கறான். அதை யாராவது மரியாதையா எழுத வேணாமா?” என்றார்.

முதலாளி கனி பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “எழுதுங்க சார். எங்க வசந்தி தப்பில்லாம அடிச்சித் தரும்.”

என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. எந்த நடிகர் என்று இங்கேயும் எழுதப்போவதில்லை. வீட்டுச் சுவர் முழுக்க அந்த முகம்தான். இந்த டைரியாவது எனக்கு.

வாங்க: மண்ணெண்ணெய், சோப்பு, பாப்பா நோட்டுக்கு பிரௌன் அட்டை.

நவம்பர் 5, புதன்

தூறல். இரண்டு அத்தியாயம் முடிந்தது.

உண்மையைச் சொன்னால், நல்ல புத்தகம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்து அடித்துக்கொண்டிருந்தேன். பேனருக்கு நாலு வரி எழுத தயாளன் தரையில் குப்புறப் படுத்து பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார். எனக்கு அது வீட்டுக்காரரின் கிறுக்குத்தனம். சாருக்கு அது ஒரு ஆள் யோசிக்கிற வேலை. அப்படியும் பார்க்கலாம் போல.

கல்யாணத்துக்கு முன்பு அந்த நோட்டீஸ்களை இதே கடைக்குத்தான் தயாளன் கொண்டுவருவார். நான்தான் அடிப்பேன். வரி இடித்தால் மாற்றியும் கொடுப்பேன். “நீ போட்டதுதாம்மே சூப்பரா கீது” என்பார். அப்படித்தான் ஆரம்பித்தது எல்லாம்.

இரண்டாம் அத்தியாயத்தின் கடைசியில் சார் எழுதியிருக்கிறார்: ‘மன்றங்களில் பெண்கள் இல்லை. அவர்கள் வெளியே நின்று தாங்குகிறார்கள்.’

அடித்தேன். தாங்குகிறார்களாம்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது. வேறு நல்ல சேதி இல்லை.

நாலாம் அத்தியாயம். ரசிகர்கள் பேசியதை அப்படியே கொடுத்திருக்கிறார், பெயர் மட்டும் இல்லை. ‘திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை செய்பவர், கிளைச் செயலாளர்’ என்று ஒருவர். அவர் சொல்கிறார்:

“பொங்கலுக்குப் படம் ரிலீஸ். அன்னிக்குன்னு பார்த்து எம் பொஞ்சாதிக்கு வலி எட்துகிச்சி. நான் தவிச்சிகினு நிக்கறேன். அவதான் சொன்னா: நீ போய்யா, மொத ஷோ வுட்ராத, நான் பாத்துக்கறேன். நான் தியேட்டர்ல இருக்கசொல்லதான் பொண்ணு பொறந்துச்சி. அந்த மாரி பொஞ்சாதி யாருக்கு கெடைக்கும் சார்?”

கை நின்றுவிட்டது. பாய், “இன்னாம்மா, சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தச் செயலாளர் தயாளன்தான். அன்றைக்கு அவர் வீட்டிலேயே இல்லை. தோரணம் கட்ட முதல் நாளே தியேட்டருக்குப் போயாயிற்று. விடியும் முன்பு பனிக்குடம் உடைந்தது. சுவரைத் தட்டினேன். பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா வந்தார். காசிமேட்டில் மீன் இறக்கிவிட்டு வந்த ஆட்டோ ஒன்றுதான் கிடைத்தது. அந்தக் கவிச்சியில், ஐஸ் தண்ணீர் கால்வழி ஓட, ஆஸ்பத்திரி. ரத்தம் நிற்கவில்லை. கையெழுத்துப் போட ஆள் எங்கே என்றார்கள். அக்காதான் ‘சகோதரி’ என்று போட்டார்.

ஆயா கேட்டாள்: “புருசன் எங்கம்மா?” யார்டில் டூட்டி என்றேன். அந்த நிலைமையிலும் அவர் மானத்தை நான்தான் காப்பாற்றினேன்.

சாயங்காலம் வந்தார். தலை முழுக்கக் கலர் பேப்பர் துண்டுகள். பாப்பாவைக் குனிந்து பார்த்தபோது ஒன்று அவள் நெற்றியில் விழுந்தது. அதை எடுத்துப் போட்டேன். அந்த நாளைப் பற்றி ஆறு வருஷமாக ரெண்டு பேரும் பேசவில்லை.

நவம்பர் 8, சனி

கேட்டுவிட்டேன். பாப்பா மும்தாஜ் அக்கா வீட்டில் விளையாடப் போயிருந்தாள்.

“புரொபசர் ஒருத்தர்கிட்ட பேசினியா?”

“ஆமா. மன்றத்துக்கு வந்தாரு. தங்கமான மனுசன். ஏன்?”

“உன்ன நான் அனுப்பினேன்னு சொன்னியாமே, பாப்பா பொறந்த அன்னிக்கி.”

முகம் மாறியது. முதலில் கோபம். “அத்த நீ ஏன் பட்ச்ச?”

“என் கடைலதான் அடிக்கறாங்க. என் கையாலதான் அடிச்சேன்.”

ரொம்ப நேரம் பனியனை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அப்புறம்:

“வேற இன்னான்னு சொல்ல சொல்ற? பொஞ்சாதி சாவக் கெடந்தா, நான் காத்தாடி பேப்பர் தூவிகினு இருந்தேன்னா? அவுரு நோட்டு வச்சிகினு மரியாதையா கேக்கறாரு. எனுக்கு வெக்கமாப் பூட்ச்சி. வாய்ல அப்டிதான் வந்துச்சி.”

“அந்த வெக்கத்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“உங்கிட்ட இன்னாமே சொல்றது? உனுக்குதான் தெரியுமே” என்று சட்டையை மாட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போய்விட்டார்.

அவருக்கு வெட்கம் உண்டு என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அதையும் வெளியாளுக்குச் சொன்ன பொய் வழியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

குழம்பு தீய்ந்தது. ராத்திரி வந்ததும் அதையே போட்டேன். சாப்பிட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

சார் புரூஃப் வாங்க வந்தார். பாய்க்கு நோன்பு, எங்களுக்கு மட்டும் டீ வரவழைத்தார்.

சொல்லிவிட்டேன். அந்தப் பொஞ்சாதி நான்தான், அனுப்பவில்லை, நடந்தது இது என்று. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

“ஆனா இது அவர் சொன்னதும்மா. நான் திருத்தக் கூடாது. ஒரு ரசிகர் தன்னைப் பத்தி என்ன சொல்லிக்கிறார்ங்கறதுதான் இந்தப் புத்தகமே.”

“சரி சார். அப்ப நான் சொல்றதையும் அதுக்குக் கீழ போடுங்க.”

யோசித்தார். “உங்க கதை வேற புத்தகம்மா. கண்டிப்பா யாராவது எழுதணும்.”

யாராவது.

அவர் போன பிறகு பாய் கணக்கு நோட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்: “நாலு லைன்தானேம்மா. தூக்கிடு. அவரு எங்க மறுபடி பட்ச்சிப் பாக்கப்போறாரு?”

நவம்பர் 13, வியாழன்

மதியம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். தனியாக இருந்தேன். அந்த நாலு வரியைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் கறுப்பாயிற்று. ஒரு விரல் போதும்.

அழிக்கவில்லை. நியாயத்துக்குப் பயந்து இல்லை. அதை எடுத்துவிட்டால் இருநூறு பக்கத்தில் நான் எங்கேயும் இல்லை. பொய்யாகவாவது அங்கே நிற்கிறேன்.

கீழே என்னுடையதை அடித்துப் பார்த்தேன். மீன் ஆட்டோ, ரத்தம், மும்தாஜ் அக்கா கையெழுத்து. படித்தால் ரேஷன் கடைப் புகார் மனு மாதிரி இருந்தது. தயாளன் சொன்னதுதான் படிக்க நன்றாக இருக்கிறது. என்னுடையதை நானே அழித்தேன்.

தலைவலி. பாப்பாவுக்கு இருமல் மருந்து.

நவம்பர் 19, புதன்

அச்சகத்துக்குக் கொடுக்க டிரேசிங் தாளில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன், சார் வாங்கிக்கொண்டு போனார். முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்: ‘பிழையின்றித் தட்டச்சு செய்த சகோதரி வசந்திக்கு.’ அதையும் நானே அடித்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

வெளியீட்டு விழா. ராயபுரத்தில் சின்ன ஹால். தயாளன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மன்றத்துக்காரர்கள் இரண்டு வரிசை, விசில் அடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. யாரும் இவர்களை இதுவரை நாற்காலி போட்டு உட்கார வைத்ததில்லை.

சிறப்பு விருந்தினர் ஒரு பத்திரிகைக்காரர். புத்தகத்தை நிஜமாகவே படித்திருந்தார். “இதுல என்னை அழவைச்ச இடம்” என்று நாலாம் அத்தியாயத்தைத் திறந்து வாசித்தார். நீ போய்யா, நான் பாத்துக்கறேன். கைதட்டல். மன்றத்து ஆள் ஒருவர் எழுந்து, “அது நம்ம தயாளண்ணன்தான் சார்! அண்ணியும் வந்துகீறாங்கோ!” என்று கத்தினார்.

மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். சால்வை. மைக். இளங்கோவன் சார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா என்றார்கள்.

“நான் அனுப்பல” என்றேன்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. பத்திரிகைக்காரர், “பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்!” என்றார். முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். தயாளனும் தட்டினார். இறங்கி வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பாப்பா எங்கள் நடுவில். சால்வையின் ஜரிகையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்:

“ம்மா, நான் பொறக்கசொல்ல அப்பாவ நீ சினிமாக்கு அனுப்புனியா?”

தயாளன் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இல்லடா. அப்பா ஊட்ல இல்ல. மும்தாஜ் அத்ததான் கூட்டிம்போச்சி.”

“அப்ப அந்த மாமா பட்ச்சது பொய்யா? அப்பா, பொய்யாப்பா?”

தயாளன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். “எறங்குங்க, ஸ்டாப்பு வந்துட்ச்சி” என்றார்.

நாங்கள் இறங்கவேண்டிய காலடிப்பேட்டைக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. இறங்கினோம். அவர் முன்னால் நடந்தார்.