அக்கா வேகவைத்த பூஞ்சை

என் வீட்டு மேலதிகாரிக்கு,

நான் நலம். உன் முதுகுவலியும் அத்தையின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா?

ரொட்டியில் பூத்தால் நீ குப்பையில் போடும் பூஞ்சையை, நான் இங்கே ஆய்வகத்தில் சீராட்டி வளர்க்கிறேன். சாயப்பட்டறைக் கழிவுநீரிலிருந்து அது சாயத்தை உறிஞ்ச வேண்டும். ஆறு மாதமாகப் பாதிகூட உறிஞ்சவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தண்ணீர் தெளியாவிட்டால் ஊருக்குக் கிளம்பலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை காலை, குடுவை கழுவும் அக்கா மொத்தப் பூஞ்சையையும் கொதிநீரில் போட்டுவிட்டார்.

"என்னக்கா, அது உயிரோட இருந்துச்சே."

"பூசணம் புடிச்சுக் கிடந்துச்சு தம்பி. பெரியவர் பாத்தா உன் மானம் போயிடுமேன்னு வேக வச்சேன்."

வேறு வழியில்லாமல் அந்தப் பிணத்தையே நீலச் சாயநீரில் போட்டேன். மாலைக்குள் பூஞ்சை நீலமாயிற்று. தண்ணீர் மறுபடி தண்ணீராயிற்று. உயிரோடிருந்தபோது சோம்பிக் கிடந்தது, செத்த பிறகு முழுமூச்சாக வேலை செய்திருக்கிறது. அறிக்கையில் இதை "திட்டமிட்ட வெப்பமுறை" என்று எழுதச் சொன்னார் பேராசிரியர். என் வேலை இன்னும் ஓராண்டு நீள்கிறது. முடிந்த அளவு சந்தோஷப்படு.

ஒரு சின்ன உதவி. சாயம் போகிறதென்று கடைக்காரரோடு சண்டை போட்டாயே, அந்த நீலப் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிடாதே. எனக்கு அனுப்பு. இரண்டு நாள் உடுத்திவிட்டு, துவைக்காமல் அனுப்பு. ஆராய்ச்சிக்குத்தான்.

அக்கா அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். இப்போது அவருக்கு உதவியாளன் நான்தான், ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்