யூட்சனின் நான்கும் லவினியாவின் இரண்டும்

அனுப்புநர்:
திருமதி பேர்பெச்சுவா வின்சன்ற்,
வுப்பர்டால்.

பெறுநர்:
பள்ளிக் கண்காணிப்பு அதிகாரி அவர்கள்,
கல்வி அலுவலகம், வுப்பர்டால்.

பொருள்: தேர்வுத்தாளைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு, மகனைப் பள்ளியிலிருந்து விலக்க நான் இட்ட கையெழுத்தை இரத்துச் செய்யக் கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இவ்வளவையும் சொல்ல என் ஜெர்மன் போதாது. தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளர் சாந்தாவின் பிரதி இத்துடன் உள்ளது.

2. எனக்கு இரட்டைப் பிள்ளைகள். எட்டாம் வகுப்பு. திருச்சபை நடத்தும் பள்ளியில் ஒரேயொரு இடம்தான் இருந்தது. அது லவினியாவுக்குப் போயிற்று. யூட்சன் அரச பள்ளியில் படிக்கிறான். எந்தப் பள்ளி திறம் என்று எங்கள் சனம் அன்றிலிருந்து என்னைக் குடைகிறது.

3. இந்த வசந்தத்தில் இரண்டு பள்ளிகளிலும் ஒரே கணிதத் தேர்வு நடந்தது. லவினியாவுக்கு 2, யூட்சனுக்கு 4 என்று தாள் வந்தது. நூற்றுக்கு எத்தனை என்று பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த நாட்டில் 1 தான் திறம், 6 தான் மோசம் என்று பழகவே வருடங்கள் எடுத்தன. பள்ளி அறிக்கையிலும் அவளுக்கு 2, அவனுக்கு 4. இனி என்ன சந்தேகம்? அரச பள்ளிதான் பிள்ளையைக் கெடுக்கிறது என்று கொதித்துப்போய், அவனையும் லவினியாவின் பள்ளியில் சேர்க்கலாமென்று மறுநாளே விலகல் படிவத்தில் கையெழுத்திட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

4. பிறகுதான் சாந்தா தாளின் பின்பக்கத்தை வாசித்தார். இந்தத் தேர்வில் 5 தான் உச்சமாம், 1 தான் கடைசியாம்! அப்படியானால் தேர்வில் 4 எடுத்த யூட்சன்தான் கெட்டிக்காரன். அவனுக்கு அறிக்கையில் ஏன் மோசமான 4? அவன் வகுப்பில் கை உயர்த்திக் கதைப்பதில்லை, அதற்கும் புள்ளி உண்டு என்கிறார் ஆசிரியர். வகுப்பில் வாய் திறவாமல் இரு என்று வளர்த்தது நான்தான். லவினியா என் சொல்லைக் கேட்கவில்லை, அவளுக்கு 2. எந்தப் பள்ளி திறம், எந்த எண் உண்மை என்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை, ஐயா.

5. அறிக்கையில் 4 உள்ள பிள்ளையைத் திருச்சபைப் பள்ளி எடுக்காதாம். அரச பள்ளியோ அவனுடைய இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டது. ஓகஸ்டில் புது வகுப்புத் தொடங்கும்போது அவன் போக ஒரு பள்ளியும் இல்லை.

6. தாள் வந்த அன்று, "அம்மா, நான் நல்லாத்தான் செய்தனான்" என்றான். பொய் சொல்லாதே என்று ஏசினேன். இப்போது வீட்டிலும் அவன் வாய் திறப்பதில்லை.

ஆகவே என் கையெழுத்தை இரத்துச் செய்து, அவனைப் பழைய வகுப்பிலேயே சேர்க்குமாறு மன்றாடுகிறேன். எது மேல், எது கீழ் என்பதை இனித் தாளின் முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள். மகனிடம் மன்னிப்பை நான் கேட்டுக்கொள்வேன். வகுப்பில் அவன் இருந்த கதிரையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இடம்: வுப்பர்டால்
திகதி: 02.06.2008

இம்முறை பின்பக்கமும் வாசித்துக் கையெழுத்திடும்,
பேர்பெச்சுவா வின்சன்ற்