துண்டுக்கடியில் போன இரண்டணா

என் கையைப் பிடித்து நடை பழகிய தம்பி தங்கராசுக்கு, அக்கா எழுதுகிறேன்.

நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. காலையில் சந்தைக்குக் கிளம்பிய ஆள், வாந்திபேதி கண்டு மறுநாள் பொழுது சாய்வதற்குள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்த அதிர்ச்சியே எனக்கு இன்னும் தெளியவில்லை. அதற்குள் இன்னொரு இடியைச் சந்தையில் எனக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறாயே, லே, இது உனக்கே நியாயமா?

செத்தவனைத் திட்டக்கூடாதாம். நான் திட்டத்தான் செய்வேன். இந்தக் கடிதத்தை நம் சபைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன், ஊரார் படிக்கட்டும்.

புருஷனைப் பறிகொடுத்து வந்தவளை இத்தனை வருஷம் நீதான் வைத்துச் சோறு போட்டாய். இனி யார் போடுவார்கள்? அதனால் உன் தரகுத் தொழிலை நானே செய்வது என்று முடிவு செய்தேன். பனையேறி வீட்டுப் பெண்கள் காய்ச்சும் கருப்பட்டியை வியாபாரிக்கு விலை பேசி விற்றுக் கொடுக்க வேண்டும், பெட்டிக்கு அரையணா தரகு. கடை வேண்டாம், முதல் வேண்டாம். நாலு பேர் நம்பினால் போதும். உன்னை நம்பாதவர் யார் இருந்தார்கள்?

சும்மா போய் நிற்கவில்லை, தம்பி. சந்தைக்கு இரண்டு நாள் முன்னாலேயே வீடு வீடாகப் போய்ச் சரக்கைப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கருப்பட்டியை உடைத்து உள்ளே ஈரம் இருக்கிறதா, வாயில் மணல் நெருடுகிறதா என்று பார்த்தேன். ஈரச் சரக்கைத் தனியே வைத்து, அதை முதலில் விற்க வேண்டும் என்று சொன்னேன். பாளையங்கோட்டை போர்டிங்கில் படித்தது இதற்காவது உதவட்டும் என்று பெருமையாகக்கூட இருந்தது.

எல்லாம் பார்த்தவள் ஒன்றை மட்டும் மறந்துபோனேன். உடன்குடிச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. வியாபாரி கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். பிடித்த விரலுக்கு ஓரணா என்று கணக்கு. வெளியே நிற்கிறவருக்கு, சரக்குக்குச் சொந்தக்காரிக்கும்தான், ஒன்றும் தெரியாது. பிறகு தரகர் வந்து சொல்வதுதான் விலை.

ஏரல் வியாபாரி அண்ணாச்சி பழக்கத்தில் துண்டைப் போட்டுக் கையை நீட்டிவிட்டார். நீட்டினவர் என் முகத்தைப் பார்த்ததும், சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார்.

"நீங்க பொம்பளைல்லா? துண்டுக்குள்ள எப்படிக் கை குடுப்பிய? ஆம்பளை யாரையாவது கூட்டிட்டு வாங்க."

"எனக்கு ஆம்பளைன்னு இருந்தது அவன் ஒருத்தன்தான், அண்ணாச்சி. வாயாலேயே சொல்லுங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மனிதர் சலித்துப்போய், "சரி, எப்பவும் போலப் பெட்டிக்குப் பத்தணா" என்றார்.

பக்கத்தில் நின்ற அன்னத்தாய் திரும்பினாள். போன வருஷம் அவள் புருஷன் பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறானே, அதே அன்னத்தாய்தான். "பத்தா? எட்டுன்னுல்லா தரகரய்யா சொல்லுவாவ?"

பத்துக்கு விற்று எட்டு என்று சொல்லியிருக்கிறாய் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. என்னைக் காப்பாற்றப் பார்த்ததும் அவள்தான். "விலை இப்பதான் ஏறியிருக்கும், என்னக்கா?" என்றாள். நானும் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், தம்பி. மறைக்கத்தான் பார்த்தேன். அதற்குள் அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் என்னைக்கும்மா எட்டு குடுத்தேன்? ரெண்டு வருசமா பத்துதான். கூசாம எம்மேல பழி போடாதிய."

அங்கே நின்ற பெண்களில் ஒருத்தியாவது மண்ணை வாரித் தூற்றியிருந்தால் தேவலை. அன்னத்தாய் மட்டும் பைய, "அவுக விழுந்தப்ப தரகரய்யா எங்கையில ஒரு ரூவா வச்சாவளே, அழுதுக்கிட்டே வச்சாவளே" என்றாள்.

அந்த ரூபாயை அவளிடமிருந்து எடுத்துத்தானே அவளுக்கே கொடுத்தாய்? கொடுக்கும்போது நீ அழுததை நானும் பார்த்தேன். அது பொய் அழுகை இல்லை. பிறகு எப்படி அடுத்த வாரமே போய் எட்டு என்று சொன்னாய்? உன் அரையணா உனக்குப் போதவில்லையா? என் ஒருத்தி வயிறு கூடுதலாக இருந்ததனாலா? அதை மட்டும் எனக்குச் சொல். அன்றிலிருந்து சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வருகிறது.

அடுத்த சந்தையில் வியாபாரிகள் என் பக்கமே வரவில்லை. வாயால் விலை சொன்னால் பக்கத்தில் நிற்கிறவன் அரையணா ஏற்றிவிடுவானாம். உச்சி வெயிலில் கருப்பட்டி கசிய ஆரம்பித்தது. இன்றோடு தொழில் முடிந்தது என்று நான் எழுந்தபோது, அன்னத்தாய் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீங்க சத்தமா பேசுங்கக்கா. எங்களுக்குக் கேக்கணும்."

பேசினேன். தொண்டை கட்டும் மட்டும் பேசினேன். கடைசியில் ஏரல் அண்ணாச்சியே திரும்பி வந்து ஏழு பெட்டி எடுத்தார். பணம் பெண்கள் மடிக்குப் போன பிறகுதான் என் அரையணாவை வாங்கினேன். நீ எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது, அந்த அரையணாவிலிருந்தே அன்றைக்குத் தொடங்கிவிட்டேன்.

இன்னொரு சேதி. நீ இறந்த வாரமே இந்தப் பெண்கள் கூடி, உன் கல்லறைக்கு ஒரு கல் சொல்லியிருந்தார்களாம். 'நாணயமானவர்' என்று வெட்டச் சொன்னார்களாம். எனக்குத் தெரியாது. நேற்றுக் கல் வந்து இறங்கியது. வேண்டாம் என்று அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. உன் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே வெறும் கல்தான்.

"பேரு மட்டும் போதும்னு சொல்லிட்டோம்க்கா" என்றாள் அன்னத்தாய். என்னைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத்தான் கூச்சமாக இருந்தது.

தம்பி, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்த இடத்தில் நானாக ஒரு எழுத்தும் வெட்டமாட்டேன், வேறு யாரையும் வெட்டவிடவும் மாட்டேன். என்றைக்காவது அன்னத்தாயே வந்து, வெட்டலாம் அக்கா என்று சொன்னால், உளிக்காரனை நானே கூட்டிக்கொண்டு வருவேன். அதுவரை பொறுத்துக் கிட, ராசா.

உன் சோற்றில் பாதி தின்ற,
உன் கூடப்பிறந்த அக்கா.