மேலே நல்ல தாள், கீழே குப்பை

ஜனவரி 21, 2021. வியாழன்

பிரிண்டருக்கு முதல் வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார். கரியாலூர் பிலிப்பு சார். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப் பிள்ளைகளுக்கு அரசுத் தேர்வு வகுப்பு எடுக்கிறார். அங்கே டவர் சரியாகக் கிடைப்பதில்லை. போனில் கேள்வித்தாள் அனுப்பினால் நாள் முழுக்க சுற்றிக்கொண்டே நிற்குமாம். காகிதம்தான் வழி.

"ஒரு வாரம் அடிச்சிக் குடுங்க தம்பி. சரியா இருந்தா வாராவாரம் நீங்கதான்" என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பொட்டி சோறு போடாதுடா. கரும்புக்கு வா" என்றார். சென்னை கம்பெனி லாக்டவுனில் ஆளைக் குறைத்ததிலிருந்து இதே பாட்டு. கடைசிச் சம்பளத்தில் நான் வாங்கி வந்த பழைய லேசர் பிரிண்டருக்கு அவர் வைத்த பெயர் பொட்டி. மாசி பிறப்பதற்குள் நிலையான ஆர்டர் ஒன்று பிடிக்காவிட்டால் அதை விற்றுவிட்டு வயலில் இறங்குவதாக நானே வாயைக் கொடுத்திருக்கிறேன். பரவாயில்லை. பிடித்தாயிற்று.

ஜனவரி 23, சனி

முப்பது பேருக்கும் அடித்து முடித்தேன். மேலே இருந்த நாலைந்து தாளைப் புரட்டினேன். பளிச்சென்று இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சணலில் கட்டி, கச்சிராயபாளையத்தில் மலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஜனவரி 24, ஞாயிறு

நாறிப்போச்சு.

டவர் கிடைக்கிற வளைவு வரைக்கும் நடந்து வந்து பிலிப்பு சார் கூப்பிட்டார். "தம்பி, மேல பத்து பேருக்குக் கேள்வி இருக்குது. அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் இன்னா பாஷைங்க?"

மீதி இருபது பேருக்குக் குப்பை போயிருக்கிறது. ஆல்பின் என்று ஒருவன் எழுந்து நின்று, "சார், இது எந்த நாட்டுப் பரீட்சைன்னு சொல்லிட்டீங்கன்னா அங்கயே போயி எழுதிக்கறோம்" என்றானாம். வகுப்பே சிரித்திருக்கிறது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "கீழ கள்ளக்குறிச்சில இட ஒதுக்கீட்டுல யாருக்கு எத்தன சதவீதம்னு சண்ட போட்டுக்கினு இருக்காங்க தம்பி. எம் பசங்களுக்குக் கேள்வித்தாளே வந்து சேர மாட்டேங்குது. இனிமே டவுன்லயே பிரிண்ட் போட்டுக்கட்டுங்களா?"

இன்னொரு தடவை கொடுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்கு வராது. வந்தது.

அடுத்த ஞாயிறு கோயில் விசேஷம், வகுப்பு இல்லை. பிப்ரவரி 7 மாதிரித் தேர்வு. "அதுதான் கடைசி. என்னால திரும்ப அசிங்கப்பட முடியாது" என்றார்.

ஜனவரி 25, திங்கள்

அதே கேள்வித்தாளைத் திரும்ப அடித்து, நடுவில் வந்த குப்பைத் தாள்களைப் பரப்பிப் பார்த்தேன். ஒரு தாளுக்கு ஒரே ஒரு வரி. கட்டம், டாலர் குறி, தலைகீழாக நிற்கும் கேள்விக்குறி. நடுவே ஒரு சின்ன முகம் – சிரிக்கிறது! நக்கலா?

"தமிழ் ஃபாண்ட் ஒத்துக்கல போல இருக்குண்ணா" என்றாள் தங்கை ரம்யா. கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு இதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். ஃபாண்ட், ஃபாண்ட். வெறும் ஆங்கிலப் பக்கம் அடித்துக் காட்டினேன். அதிலும் பாதிக்கு மேல் சிரிக்கிற முகம் வந்தது.

டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். ஐம்பது தாள் சுத்தமாக வந்தது. துள்ளிக் குதித்தேன். ஐம்பத்தோராவதில் முகம்.

ஜனவரி 26, செவ்வாய்

புது கேபிள். அதே முகம். ரம்யாவின் இலவச லேப்டாப்பில் இருந்தும் அடித்துப் பார்த்தேன். அதே முகம். அப்படியானால் லேப்டாப் குற்றவாளி இல்லை. கேபிளும் இல்லை.

பிரிண்டரையே தூக்கிக் கிணற்றில் போடலாமா?

ஜனவரி 27, புதன்

யோசிக்காமல் திருகாணியைக் கழற்றுவது என் கெட்ட பழக்கம். இன்று கழற்றவில்லை. உட்கார்ந்து பார்த்தேன்.

குப்பை ஒரு தடவை கூட முதல் தாளிலேயே ஆரம்பித்ததில்லை. ஒழுங்காகப் போய்க்கொண்டே இருந்து, நடுவில் தடம் மாறுகிறது. மாறிய பிறகு கடைசி வரைக்கும் குப்பை.

மாலை அடித்துக்கொண்டிருந்தபோது ரம்யா சொன்னாள்: "அண்ணா, ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி உன் லேப்டாப் டொடங்குன்னுச்சே, இன்னா அது?"

நான் காதில் பாட்டு மாட்டியிருந்தேன். தாள் தடம் மாறியதும் அப்போதுதான். கேபிளைப் பிடுங்கித் திரும்பக் குத்தினால் வருகிற சத்தம் அது. யாரும் பிடுங்கவில்லையே! ஆனால் தொடர்பு அறுந்து, உடனே ஒட்டியிருக்கிறது. பாதி சினிமாவில் உள்ளே வந்தவனிடம் கதை கேட்டால் எப்படி உளறுவானோ, பிரிண்டர் அப்படி உளறுகிறது. தலையும் வாலும் தெரியாமல், மிச்சமாக வந்ததை எல்லாம் எழுத்து என்று நினைத்து அச்சடிக்கிறது.

ஆக, பிரிண்டர் கெட்டுப்போகவில்லை. எதுவோ அதன் தோளைப் பிடித்து உலுக்குகிறது. எது?

ஜனவரி 28, வியாழன்

தெரியவில்லை.

ஜனவரி 29, வெள்ளி

காலையில் ஊரே வேன் ஏறிவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டுக் கள்ளக்குறிச்சியில் ஆர்ப்பாட்டம். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வர்றியாடா? உங்களுக்காகத்தான் போறோம்."

"எனக்கு வேலை இருக்கு."

"பொட்டி வேல" என்றார் பக்கத்துக் கொல்லை ராசு மாமா. வேனே சிரித்தது. ஒதுக்கீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிடைத்தால் ரம்யாவுக்கு நல்லதுதான். ஆனால் என் கழுத்துக்குக் கத்தி இந்தப் பெட்டியில் இருக்கிறது.

காலையில் ஆரம்பித்தேன். ஒன்றையும் மாற்றவில்லை. அதே கேபிள், அதே டிரைவர், அதே மேசை. அடித்தேன், அடித்தேன், ஒரு கட்டுக் காகிதம் தீரும் வரை அடித்தேன். ஒரு முகம் கூட வரவில்லை.

சந்தோஷப்பட வேண்டும்தானே? எரிச்சல்தான் வந்தது. காரணம் தெரியாமல் சரியானது காரணம் தெரியாமலே கெடும். பெட்டியில் ஒன்றும் மாறவில்லை என்றால் வெளியே ஏதோ மாறியிருக்கிறது. ஊரில் ஆம்பளைகள் இல்லை, அவ்வளவுதான். ஆம்பளைகள் இல்லாததற்கும் பிரிண்டருக்கும் என்ன சம்பந்தம்?

சாயங்காலம் வேன் திரும்பியது. தொண்டை கட்டிப்போன அப்பா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு நேராக மோட்டார் கொட்டாய்க்குப் போனார். புதுசாக நட்ட கரும்பு, ஒரு நாள் காய்ந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை.

மோட்டார் உறுமியது. லேப்டாப் 'டொடங்'. பிரிண்டரில் இருந்து அந்த முகம் சிரித்துக்கொண்டே வந்தது.

ஓடினேன்.

ஜனவரி 30, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை, கோபத்தில்.

மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டும். அது முறை வைத்துத்தான் வரும். மீதி நேரம் இரண்டு ஃபேஸ். அதிலும் ஓட்டுவதற்கு எல்லாரும் ஒரு கன்டென்சர் பெட்டி வைத்திருக்கிறார்கள், அது ஊரறிந்த விஷயம். கொட்டாயில் போய்ப் பார்த்தால், அப்பா ஒரு படி மேலே போயிருக்கிறார். இழுவை போதவில்லை என்று அந்தக் கன்டென்சர் பெட்டியில் இருந்து ஒரு ஒயரை இழுத்து வந்து வீட்டு எர்த் பைப்பில் முறுக்கிக் கட்டியிருக்கிறார். மோட்டார் ஓடும்போதெல்லாம் அந்தக் கரண்ட் எங்கள் வீட்டு எர்த்தில் இறங்குகிறது. அதாவது பிரிண்டர் உடம்பில். ஃபிரிட்ஜ் உடம்பில். குழாயில்.

வீட்டுக்குள் வந்து எர்த்தில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. எரியவே கூடாத இடம்.

சமையல்கட்டில் அம்மா செருப்போடு நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா சமையல்கட்டுக்குள் செருப்பு போடுகிற ஆளா?

"எப்பலருந்துமா இது?"

"மோட்டார் ஓடுச்சுன்னா குழா சுர்ருங்குது. செருப்பு போட்டுக்கினா ஒண்ணும் தெரியல."

"சொல்றதுக்கு இன்னா?"

"இன்னாத்த சொல்றது? கரும்பு காயுதுன்னு அவரே ராவும் பகலும் அலஞ்சிக்கினு கீறாரு."

கரும்பு காயுதாம்! இவ உசுரு? ஈரக் காலோட ஒரு நாள், ஒரே ஒரு நாள் செருப்ப மறந்திருந்தா? எனக்கு வாயில வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

ஜனவரி 31, ஞாயிறு

காலையில் அப்பாவிடம் சொன்னேன். கத்தினேன் என்பதே சரி.

"ஊரே இப்பிடித்தான்டா ஓட்டுது. எவன் செத்தான்?"

"செத்தப்புறம் சொல்றேன், இரு."

"பெத்தவன்கிட்ட பேசற பேச்சா இது? பொட்டி ஓடலன்னு எம் மோட்டார் மேல பழி போடறியா?"

இவரிடம் வாய் உதவாது. கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் ஈர மண்ணில் ஒரு கடப்பாரையை அடித்து இறக்கினேன். ஒரு குண்டு பல்பை எடுத்து, ஒரு ஒயரைக் கடப்பாரையிலும் இன்னொன்றை சமையல்கட்டு இரும்புக் குழாயிலும் கட்டினேன். கையில் ரப்பர் உறை. பிளக் இல்லை, சுவிட்ச் இல்லை. அம்மா, ரம்யா, அப்பா மூன்று பேரும் நின்றார்கள்.

"இப்ப போய் மோட்டார போடு."

போட்டுவிட்டு வந்தார். பல்பு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில், தண்ணீர்க் குழாயிலிருந்து மண்ணுக்கு.

"ஐயோ, எம்மா!" என்று ரம்யா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்பா பல்பைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். அம்மாவின் காலைப் பார்த்தார். கொட்டாய்க்குப் போனார். மோட்டார் நின்றது. பல்பும் அணைந்தது. திரும்பி வந்தபோது அவர் கையில் அந்த ஒயர் சுருளாக இருந்தது.

"நான் ஜெயிச்சிட்டேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ராசு வூட்லயும் நான்தான்டா கட்டிக் குடுத்தேன்" என்றார். "வா. அந்த டெஸ்டர எடுத்துக்கோ."

பிப்ரவரி 1, திங்கள்

நேற்றும் இன்றும் நாலு வீடு. ராசு மாமா முதலில் சண்டைக்கு வந்தார். அப்பாவே முன்னால் நின்று, "பல்ப கட்டிக் காட்டுடா" என்றார். காட்டினேன். மாமா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அவர் மனைவி அமிர்தம் அத்தை, "அதான் மாடு தொட்டிக் கம்பிய தொட்டாவே ஒதறிச்சா! கெட்ட காத்துன்னு மந்திரிச்சிக் கயிறு கட்டினமே" என்றாள்.

"கயிறு எவ்ளோத்துக்கு?" என்று ரம்யா கேட்டாள்.

"அத ஏன் கேக்கற, ஒரு கோழி போச்சு."

ராசு மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிப்ரவரி 3, புதன்

மூன்று ஃபேஸ் வருகிற நேரத்தில் மட்டும் மோட்டார் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். பாதி நாள் அது ராத்திரியில்தான் வரும், தூக்கம் கெடுமே என்றேன். "கெடட்டும், கரும்பு ஒண்ணும் செத்துப்பூடாது" என்றார். வீட்டு எர்த்துக்குப் பின்பக்கம் புதுக் குழி தோண்டி கரியும் உப்பும் போட்டுப் புதுப் பைப் இறக்கினோம். குழி தோண்டியது அவர். நான் நின்று அதிகாரம் பண்ணினேன். நன்றாகத்தான் இருந்தது.

மோட்டார் ஓட ஓட நூறு தாள் அடித்தேன். முகம் வரவில்லை. இப்போது காரணம் தெரியும், அதனால் துள்ளினேன். தாராளமாகத் துள்ளினேன்.

பிப்ரவரி 6, சனி

முப்பது கேள்வித்தாள். இந்த முறை ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். ரம்யா ஸ்டேப்லர் பின் அடித்தாள். கண்டக்டரிடம் கொடுக்கப் போவதில்லை. நானே ஏறுகிறேன்.

பிப்ரவரி 7, ஞாயிறு

மலையேறும்போது வளைவுகளில் தாள் கட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் குழந்தையா என்று எட்டிப் பார்த்தார்.

பிலிப்பு சார் வாசலிலேயே கட்டை வாங்கிக்கொண்டார். மேல் தாளைப் பார்க்கவில்லை. அடியில் கையை விட்டுக் கடைசித் தாளை உருவிப் பார்த்தார். சரியான ஆள். நானும் முதலிலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும்.

"உக்காருங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

ஆல்பின் யார் என்று பார்த்துவைத்துக்கொண்டேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாயைத் திறக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினான். கிடைக்கவில்லை. பேனாவை எடுத்தான்.

முப்பது பேரும் ஒரே நேரத்தில் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்கள். அந்தச் சத்தம்! ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. வெளியே வந்து டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன்.

பிப்ரவரி 11, வியாழன்

பிலிப்பு சார் கூப்பிட்டார். குரலில் எரிச்சல்.

"இன்னா சார், மறுபடியும் குப்பையா?"

"அட, அது இல்ல தம்பி. நாப்பத்தொண்ணாவது கேள்விக்கு நான் போட்ட விடை தப்பாம். அந்த ஆல்பின் பையன் புக்க எடுத்துக்கினு வந்து ஒரு மணி நேரமா எங்கூட மல்லு கட்டறான். இந்த வாரம் திருத்தி அடிச்சிடுங்க. அப்பறம் இனிமே வாராவாரம் நாப்பது பேருக்கு அடிங்க, ஆளு ஜாஸ்தியாயிட்டாங்க."

அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னாடா தப்பாம்?"

"விடை தப்புப்பா" என்றேன். "அச்சு சரி."