எதிராளி என்று எழுதிய பெயர்

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அது பொய்யாகிவிடும். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருந்தால் அதுவே போதும். போனில் பேசினால் உன் தம்பி காதில் விழும், அதனால்தான் கடிதம். அயர்லாந்துக்குத் தபால் வர நாளாகும், பக்கத்து வீட்டு செந்தமிழ்ச்செல்வி டீச்சர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

தம்பி மரவள்ளி நட்டானே, வரிசை ஒரு விரல் கோணல் என்று முளைத்த குச்சியையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கி நட்டதில் பாதிக் கொல்லை கருகிவிட்டது. கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மாவிடம் காட்டினோம், டிஸ்ஆர்டர் என்றார். அப்படியென்றால் என்ன என்று டீச்சரைக் கேட்டேன், ஒழுங்கில்லாமை என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. செருப்பைக்கூட நேராக விடுகிற பிள்ளைக்கு இப்படி ஒரு வார்த்தையா? டாக்டரம்மாவையே மறுபடி கேட்டதற்கு, சுகர், பிரஷர் மாதிரி இது மனசுக்கு வருகிற ஒரு தொந்தரவு, அவன்மேல் தப்பே இல்லை, மாத்திரையில் அடங்கும் என்றார். அந்த அர்த்தம் எனக்குப் பிடித்திருந்தது. மாத்திரையில் கொஞ்சம் தெளிந்தும் வந்தான்.

உன் அப்பா சும்மா இருப்பாரா, டீக்கடையில் போய் பையனுக்கு மூளைக் கோளாறாம் என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு விருத்தாசலம் பக்கத்துக் கொளஞ்சியப்பர் கோயிலில், சாமிக்குப் புகார்ச் சீட்டு எழுதி வேலில் பிராது கட்டினால் தீரும் என்று எங்களை இழுத்துப் போனார். பிராது என்றால் யார் மேல் என்று எழுத வேண்டுமே. டிஸ்ஆர்டர்னு எழுதினா சாமிக்கு இன்னா புரியும் என்று சொல்லி, எதிராளி இளஞ்செழியன், தகப்பனார் கந்தசாமி என்று எழுதி வேலில் கட்டிவிட்டார். தம்பி பக்கத்தில் நின்று படித்தான். எந்தச் சாமியின் பெயரை எனக்கு வைத்தார்களோ, அந்தச் சாமி முன்னாலேயே என் பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டோம்.

அன்றிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை. குத்தவாளிக்கு எதுக்கும்மா மாத்திர என்கிறான். பிராதை வாபஸ் வாங்கிவிடலாம் வாடா என்று கெஞ்சினேன். வேணாம், தீர்ப்பு வரட்டும், அதுக்குத்தான் காத்துக்கினு இருக்கேன் என்றான். எனக்குப் பயமாக இருக்கிறது தேவி. அவன் கிணற்றுப் பக்கம் போனால் நானும் பின்னாலேயே போகிறேன்.

நீ சொன்னால் கேட்பான். டாக்டரம்மா சொன்ன அர்த்தத்தை நீ சொல்லு. எடுத்ததும் மாத்திரைப் பேச்சு வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேள்.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. நீயாவது குறையில்லாமல் நன்றாக இரு. இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணாதே, அவனுக்குப் பண்ணு. எடுக்காவிட்டால், எடுக்கிற வரைக்கும் பண்ணு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா,
கொளஞ்சியம்மாள்