அம்மன் கோயில் மணலில் நான் சொன்ன பொய்

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைக்கும் வாசனை வந்தது. அந்த வீட்டு மனிதருக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது கால் பிசகிவிட்டதாம். அவர் மனைவி வீக்கத்துக்குப் போடும் பத்தை இரும்புக் கரண்டியில் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். எல்லா வீட்டிலும் நடக்கிற காரியந்தான். ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உலை வைக்கக்கூட முடியவில்லை. களைந்த அரிசியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் இடது கை கண் முன்னால் வந்து நின்றது.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உனக்கு எழுத்து தெரியாது. நீ இருக்கும்போது இதை எழுதியிருந்தால் யாரையாவது கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்லியிருப்பாய். பிறர் வாயால் நீ இதைக் கேட்க வேண்டாமே என்றுதான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எழுதப் பயம், அவ்வளவுதான்.

நான் உன் ஓரகத்தியாகத் திருவொற்றியூர்க் குப்பத்துக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. ராயபுரத்தில் கன்னிகாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் என்று குப்பமே என்னை ஒரு மாதிரி பார்த்தது. கல்மண்டபம் வரை நீயும் நானும் கூடையோடு நடப்போம். மீன் கூவி விற்க எனக்கு வெட்கம். "நீ கூட வா, போதும். ரெண்டு பேருக்கும் சேத்து நானே கத்துறேன்" என்றாய். வருஷக்கணக்கில் அப்படியே கத்தினாய். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

உன் புருஷன் பெரிய வலைக்குத் தலைவர். நீரோட்டம் பார்த்துச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குப்பத்து ஆண்களில் பாதிப் பேர் அவர் வலையை நம்பித்தான் இருந்தார்கள். அவருடைய தம்பி, என் புருஷனும் அப்படித்தான். வீட்டுக்குள் உன் புருஷன் வேறு ஆள். குடித்தால் அடிக்கிறார் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். குடிக்காத நாளிலும் அடித்தார் என்பது, நடுவில் ஒரு ஓலைத் தட்டி மட்டும் இருந்த எனக்குத் தெரியும்.

நம் மாமியாருக்கு ஒரு காது கேட்காது. மாமனார் அடித்த அடியில் போன காது அது. ஒரு நாள் உன் முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே அவர் சொன்னது நினைவிருக்கிறதா? "இவன் சின்னதுல எனக்கும் அவங்கப்பனுக்கும் நடுவுல வந்து நிப்பான். பாதி அடி அவன் மேலதான் வுழும். அந்தப் புள்ளயா இதுன்னு நானே பாத்துக்கினு கீறேன்." நீ குப்புறப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். தலையை மட்டும் திருப்பி, "அத்த, அப்ப உனக்காவ வேற யாரும் வர்ல இல்ல?" என்றாய். மாமியாரின் கை நின்றுவிட்டது.

என் தாய் வீட்டிலும் இதேதான். அப்பாவின் இருமல் தெருமுனையில் கேட்டதும் அம்மா என்னை உப்பு வாங்க அனுப்புவாள். நான் திரும்பி வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்படியில் இருப்பாள். ஒரு வீட்டில் எவ்வளவு உப்புதான் வேண்டும்? ஆனாலும் நான் கேட்டதில்லை. பார்க்காதவள் மாதிரி இருக்க ஏழு வயதிலேயே பழகிவிட்டேன். மன்னிப்புக்காக இதைச் சொல்லவில்லை. எங்கிருந்து எனக்கு வந்தது என்று நானே தேடிப் பார்க்கிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷத்துக்கு அடுத்த வருஷம். சனிக்கிழமை நடுப்பகல். கூடை விற்றுத் தீர நேரமாகி நீ வீட்டுக்குள் நுழைந்தாய். ஏன் இன்னும் சோறு ஆக்கவில்லை என்று உன் புருஷன் கேட்டார். வாயைத் திறந்து நீ ஏதோ சொல்லி முடிப்பதற்குள் சுவரோரம் சாத்தியிருந்த துடுப்பை எடுத்துவிட்டார். தட்டியின் இடுக்கில் நான் எல்லாவற்றையும் பார்த்தேன். தலையில் விழ வேண்டிய அடியை நீ இடது கையால் தடுத்தாய். முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் மகள் மரகதத்துக்கு அப்போது ஐந்து வயது. அவள் "பெரிம்மா" என்று அலறப் போனாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். உள்ளே ஓடி வருவதற்கு எனக்கு நான்கு எட்டு போதும். அந்த நான்கு எட்டை நான் வைக்கவில்லை. குழந்தையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் பஞ்சாயத்துக் கேட்கப் போவதாக என்னிடம் சொன்னாய். நம் குப்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் புருஷன் மேல் பஞ்சாயத்துக் கேட்டதில்லை. நீ பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி கை ஓங்க மாட்டேன் என்று அவர் அம்மன் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும், இல்லையென்றால் எண்ணூரில் இருக்கும் தாய் வீட்டுக்கு உன்னை மரியாதையாக அனுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான்.

"நீ பாத்தத மட்டும் சொல்லு. கூட்டியும் சொல்லாத, கொறச்சியும் சொல்லாத. படிச்ச பொண்ணு நீ, உன் பேச்ச கேப்பாங்க" என்றாய். சொல்கிறேன் என்று உன் வலது கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். செய்யும்போது மனதாரத்தான் செய்தேன், அக்கா. அதை மட்டும் நம்பு.

பஞ்சாயத்து அன்று காலை என் புருஷன் கஞ்சி குடித்து முடித்துக் கை கழுவினார். அதுவரை அவர் என்னை அடித்ததில்லை. என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணன் மேல எதுனா சொன்ன, அப்பால நானும் அண்ணன் மாரிதான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றோம். நீ கையைப் பழைய சேலைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, நடந்ததைச் சொன்னாய். அழவில்லை. உன் புருஷன், அவளே விழுந்து உடைத்துக்கொண்டாள் என்றார். பஞ்சாயத்துப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்த பெண், பொய் சொல்லாது என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். மரகதம் என் இடுப்பில் இருந்தாள்.

"நான் எதுவும் பாக்கல. குடத்தோட வழுக்கி வுழுந்துச்சுன்னுதான் கேள்விப்பட்டேன்" என்றேன்.

விழுந்தாள் என்று மட்டுந்தான் உன் புருஷன் சொன்னார். வழுக்கியதையும் குடத்தையும் நானே சேர்த்துக்கொண்டேன். கேட்டதற்கு மேலே ஒரு பொய்யை நானாகவே கட்டிக் கொடுத்தேன். அதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு மரகதத்தைப் பார்த்தாய். பார்வையைத் திருப்பிக்கொண்டாய். புருஷன் மேல் வீண்பழி சொன்னதற்கு அவர் காலில் விழச் சொன்னார்கள். நீ விழவில்லை. கரையோரமாக வடக்கே நடந்தாய். எர்ணாவூர் தாண்டி எண்ணூர் வரை அந்தக் கையோடு தனியாகத்தான் போனாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். உன் பின்னால் ஒருத்தியும் வரவில்லை. நானும் வரவில்லை.

பன்னிரண்டு வருஷம் உன்னை வந்து பார்க்கவில்லை. நடந்தால் ஒரு காலைப் பொழுது. ஒரு முறை தண்டையார்பேட்டையில் எதிரே வந்தாய். கை கோணலாகக் கூடியிருந்தது, கூடையை வலது இடுப்பில் தூக்கியிருந்தாய். நான் ஒரு உப்பு வண்டிக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். நீ பார்த்தாயா என்று கடைசிவரை உன்னிடம் கேட்கவில்லை.

மரகதத்தைக் காசிமேட்டில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணமான ஏழாம் மாதம் ஒரு காலையில் உதடு வீங்கி வந்து நின்றாள். என்னவென்று கேட்டேன். "தண்ணி எடுக்கப் போனேன், குடத்தோட வழுக்கி வுழுந்துட்டேன்" என்றாள். குடத்தோடு என்ற அந்த வார்த்தை என் வாயிலிருந்து போனது. உண்மையைச் சொல் என்று கெஞ்சினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "சொன்னா இன்னா பண்ணுவ? மறுபடியும் வாய பொத்துவியா?" என்று கேட்டாள். ஐந்து வயதில் நடந்தது அவளுக்கு மறக்கவேயில்லை.

அன்றே அவளை அழைத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். வேறு எங்கே போவது? என் வீட்டில் அவளைத் திருப்பி அனுப்பத்தான் சொல்வார்கள். நீ வாசலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். நான் உன் காலில் விழுந்தேன். நீ என்னைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"எய்ந்திரு. பொண்ணு வெயில்ல நிக்குது பாரு, உள்ள இட்டுக்கினு வா" என்றாய்.

மரகதத்துக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாய். "அவங்க ஆளுங்க வருவாங்க. அப்ப இன்னா சொல்லப் போற?" என்று கேட்டாய். அந்தப் பன்னிரண்டு வருஷத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அவர்கள் மூன்றாம் நாள் வந்தார்கள். எண்ணூர்ப் பெரியவர்கள் முன்னால், மகள் உடம்பில் நான் கண்ட காயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. நீ என் பக்கத்தில் நின்றாய். மரகதம் உன்னோடேயே தங்கினாள். வீட்டுக்கு வந்ததும் என் புருஷன் முதல் முறையாக என்னை அடித்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு நான் எதற்குப் பயந்து உன்னை விட்டேனோ அது அன்று நடந்தது. நடந்து முடிந்த பிறகு, இதற்காகவா என்று இருந்தது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், குப்பத்துப் பஞ்சாயத்து கூடியபோது போய் நின்றேன். பழைய பெரியவர் இல்லை, அவர் மகன் உட்கார்ந்திருக்கிறார். அன்று நான் பொய் சொன்னேன், அடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். பழசை எதற்குக் கிளறுகிறாய் என்றார்கள். உன் புருஷன் ஒரு ஓரமாக வலை முடிந்துகொண்டிருந்தார். அவர் கை நிற்கவில்லை. நான் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. என்ன எதிர்பார்த்தேன் என்றும் தெரியவில்லை. கேட்க வேண்டியவள் நீ, நீ இல்லை.

மரகதம் என்னைத் தைரியசாலி என்கிறாள். எனக்குக் குன்றிப்போகிறது. பெற்ற மகளுக்காக எவளும் பேசுவாள். நீ என்னைக் கேட்டபோது நான் உனக்குத் தாயும் இல்லை, மகளும் இல்லை. உன்னோடு வாழ்ந்த ஒருத்தி, அவ்வளவுதான். அப்படி ஒருத்தியாக இருந்து உனக்காகப் பேச என்னால் முடியவில்லை. இந்த வெட்கம் என்னோடு இருக்கிறது, அக்கா. இதை இறக்கி வைக்க யாரிடமும் இடம் கேட்கவில்லை. இது எனக்கு உரியது.